பயணம் அனுப்பும் வீடு: புறப்பாட்டு நெருக்கடியும் முகமறியா நட்பும்

வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களைப் பற்றி நம்மிடம் கணக்குக்குக் குறைவில்லை. 2015இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, மாநிலத்திலிருந்து வெளிநாடு சென்றிருப்பவர்கள் சுமார் 22 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. 2023-24இல் வெளிநாடுகளிலிருந்து இந்தியாவுக்கு வந்த பணத்தில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 விழுக்காடு என்கிறது ரிசர்வ் வங்கியின் ஆய்வு. போனவர் எவ்வளவு அனுப்பினார், அது வீடாயிற்றா, நகையாயிற்றா, கடனை அடைக்கப் போயிற்றா என்பதையெல்லாம் பொருளியலாளர்கள் அலசியிருக்கிறார்கள். விசா கைக்கு வந்த நாளுக்கும் விமானம் ஏறும் நாளுக்கும் இடையில் அந்த வீடு என்ன பாடுபடுகிறது என்பது மட்டும் அதிகம் எழுதப்படவில்லை. அந்த நாட்களில் அழுகை உண்டு, சண்டை உண்டு, கடன் உண்டு, கையெழுத்துப் போட வேண்டிய தாள்கள் உண்டு. தூங்க மட்டும் நேரமில்லை.

இப்போது அந்த நாட்களுக்குள் புதிதாக ஒரு தரப்பும் வந்து சேர்ந்திருக்கிறது. ஒருமுறைகூட நேரில் பார்த்திராத, கைப்பேசிக் குழுக்களில் மட்டுமே அறிமுகமான நண்பர்கள். "மெடிக்கல் எங்கே போட்டீங்க?" என்பதில் தொடங்கி, "அண்ணன் இறங்கிட்டாரா, மெசேஜ் வந்துச்சா?" என்பதுவரை அவர்கள் கூடவே வருகிறார்கள். உறவினர் நிறைந்த சமூகத்தில், முன்பின் தெரியாதவரின் உதவி ஏன் இவ்வளவு பயன்படுகிறது? அரசும் உறவும் செய்யாத எதை அது செய்கிறது? வளைகுடா நாடுகளுக்குச் செல்வோரின் வீடுகளை முன்வைத்து இக்கேள்விகளைப் பார்ப்போம்.

அவசரம் எங்கே பிறக்கிறது

கடைசி நேர ஓட்டத்தைப் பார்க்கும் பெரியவர்கள், "முன்னாடியே எல்லாத்தையும் எடுத்து வச்சிருக்கக் கூடாதா?" என்று சொல்வது வழக்கம். அது நியாயமற்ற குறை. அந்த அவசரம் குடும்பத்தின் சோம்பலில் பிறப்பதில்லை. ஒவ்வொரு தாளுக்கும் ஒவ்வோர் அலுவலகம் விதித்திருக்கும் கெடுவில் பிறக்கிறது.

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் சவூதி அரேபியா, குவைத், கத்தார், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக முன் அனுமதி பெற வேண்டும். இப்போது அது அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தின் வழியே நடக்கிறது. அதற்கு முன் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு எடுத்தாக வேண்டும்: இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய், விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 10 லட்சம். வளைகுடா நாடுகள் அங்கீகரித்த மையத்தில் மார்பு எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் முடித்து 'ஃபிட்' என்று சான்று வாங்க வேண்டும். அந்தச் சான்றும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் செல்லும்.

படித்தவருக்கு வேறு பாடு. பட்டச் சான்றிதழை மாநில அரசிடமும் வெளியுறவு அமைச்சகத்திடமும் காட்டி முத்திரை பெற வேண்டும். அதற்குப் பிறகு வழி பிரிகிறது. ஒரு நாட்டின் அப்போஸ்டில் முத்திரையை மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்கும் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2005இல் இணைந்தது. ஓமனும் பஹ்ரைனும் அதில் உள்ளன; சவூதி 2022இல் சேர்ந்தது. இந்நாடுகளுக்கு அப்போஸ்டில் முத்திரை போதும். ஐக்கிய அரபு அமீரகம் சேராததால் அங்கே போகிறவர் அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வாங்க வேண்டும். ஒரே கல்லூரியில் ஒரே ஆண்டில் படித்த இருவர், ஒருவர் மஸ்கட்டுக்கும் மற்றவர் துபாய்க்கும் கிளம்பினால், அவர்களுடைய சான்றிதழ்கள் வெவ்வேறு பாதையில் பயணப்படும்.

இந்தத் தாள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. முத்திரை வரத் தாமதமானால் விசாவின் கெடு கரையும். அமீரகத்தின் நுழைவு அனுமதி வழங்கிய நாளிலிருந்து 60 நாள்தான் செல்லும். இதற்கிடையே விதிகளும் மாறும். 2022இல் சவூதி வேலை விசாவுக்குக் காவல்துறை நன்னடத்தைச் சான்று கட்டாயமாக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் இந்தியர்களுக்கு அது வேண்டாம் என்று சவூதித் தூதரகம் அறிவித்தது. நடுவில் அகப்பட்டவர்கள் கடவுச்சீட்டு அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்குமாக அலைந்தார்கள்.

எல்லாம் முடிந்தபின் டிக்கெட் வரும். அதைப் பெரும்பாலும் நிறுவனமோ ஏஜென்டோ போடுகிறார்கள். எந்த நாள் என்பது அவர்கள் கையில். "டிக்கெட் போட்டாச்சு, வெள்ளிக்கிழமை ராத்திரி பிளைட்டு" என்று திங்கட்கிழமை தகவல் வரும். மாதக்கணக்கில் காத்திருந்தவருக்கு விடைபெறக் கிடைப்பது நான்கு நாள். பிள்ளைக்குப் பரீட்சையா, தாயாருக்குக் கண் அறுவை சிகிச்சையா, மனைவிக்கு மாதம் எத்தனை என்பதை இந்தக் கெடுக்களில் எதுவும் கேட்பதில்லை. அரசின் ஏற்பாடு முழுவதும் போகிறவரை நோக்கியே நிற்கிறது. அந்த ஏற்பாட்டில் பின்தங்குகிறவரின் பெயர் வருமிடம், காப்பீட்டுப் படிவத்தில் வாரிசுக் கட்டம்.

பழைய பயணங்களில் துணை நின்றவர்கள்

தமிழருக்குப் பொருள்வயின் பிரிவு புதிதல்ல. தொல்காப்பியம் அதற்கு இலக்கணமே வகுத்தது. கடல்வழிப் பயணம் பெண்ணுடன் இல்லை என்பதையும் விதியாகச் சொன்னது. அகப்பாடல்களைப் படிக்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பிரிவைத் தாங்கும் தலைவி தனியாக விடப்படுவதில்லை. அருகில் தோழி இருக்கிறாள். தலைவனிடம் கார்காலத்துக்குள் திரும்பிவிடு என்று கெடு வாங்குகிறவள் அவள். தலைவியின் ஆற்றாமையைப் பொறுமையாகக் கேட்கிறவள் அவள். சில நேரம் வேண்டுமென்றே பொய் சொல்லித் தேற்றுகிறவளும் அவள்தான். பிரிவு இருவருக்கு இடையில் நடந்தாலும் அதைத் தாங்க மூன்றாமவர் ஒருவர் வேண்டும் என்பதைப் பழந்தமிழ்ப் புலவர்கள் அறிந்திருந்தார்கள்.

நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் போன காலத்தில், கடைப் பொறுப்பேற்கும் ஏஜென்டின் தவணை மூன்றாண்டு. மனைவி செட்டிநாட்டு வீட்டிலேயே இருந்தார். அந்தப் பெரிய வீடுகளில் மணமான ஒவ்வொரு மகனின் குடும்பமும் தனிப் புள்ளி, தனி அடுப்பு. ஆனால் கூரை ஒன்று, முற்றம் ஒன்று. ஒருவரின் கணவர் இரங்கூனில் என்றால் அடுத்தவரின் கணவர் பினாங்கில். கணவர் ஊரில் இல்லாதது அங்கே தனியொரு பெண்ணின் நிலை அல்ல, தெருவின் நிலை. காவிரிக் கழிமுகத்து முஸ்லிம் ஊர்களிலும் இதே நிலைதான். வெளிநாடு போய் வருபவரைச் சபுராளி என்று அங்கே சொல்வார்கள். சபுராளியின் மனைவிக்கு என்னென்ன சிரமம் வரும் என்று ஊரே அறிந்திருக்கும்.

அன்றைய புறப்பாட்டுக்கு ஒரு நிதானமும் இருந்தது. 1926இல் கட்டப்பட்டு 1973வரை ஓடிய எஸ்.எஸ். ரஜூலா, சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனது. கப்பல் எந்த நாளில் கிளம்பும் என்பது முன்கூட்டியே தெரியும். உறவினர் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லிக்கொள்ள அவகாசம் இருந்தது. இன்றைய விமானம் சில மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆனால் விடைபெறும் நேரத்தையும் அதே அளவுக்குச் சுருக்கிவிட்டது.

வளைகுடாப் பயணம் பெருகிய 1970களின் பிற்பகுதியில், மலபாரின் எஸ்.ஏ. ஜமீல் எழுதிப் பாடிய 'துபாய்க் கத்துப் பாட்டு' கேரளத்தையே உலுக்கியது. மனைவி கணவனுக்கு எழுதும் கடிதமாகவும், பிறகு கணவனின் பதிலாகவும் அமைந்த பாட்டு அது. வீட்டுக்குள் பேசப்படாதது ஒலிநாடாவில் தெருவெங்கும் ஒலித்தது. ஒலிநாடா அன்று பாட்டுக்கு மட்டும் பயன்படவில்லை. எழுதத் தெரியாதவர்கள் மனத்திலிருப்பதைப் பேசிப் பதிவுசெய்து, ஊருக்கு வருபவரிடம் கொடுத்தனுப்பினார்கள். இன்றைய குரல்பதிவுக்கு அதுவே முன்னோடி. லீலா குலாட்டி 1993இல் வெளியிட்ட நூல், கணவர் வளைகுடா சென்ற கேரளப் பெண்களின் வாழ்க்கையை அருகிருந்து பதிவு செய்தது. முதல் அதிர்ச்சிக்குப் பின் அப்பெண்கள் வங்கி, கடன், கட்டுமானம் என்று வெளி உலகைக் கையாளப் பழகிக்கொண்டதை அவர் காட்டினார். 1998இல் நடந்த கேரளப் புலம்பெயர்வு ஆய்வு, இப்படிக் கணவரைப் பிரிந்து வாழ்ந்த பெண்கள் பத்து லட்சத்தை நெருங்குவதாகக் கணித்தது.

அந்தப் பெண்கள் கூட்டுக்குடும்பத்திலோ தெரிந்த ஊரிலோ இருந்தார்கள். இன்று பலர் அங்கே இல்லை. பிள்ளைகளின் படிப்புக்காகத் திருச்சியிலோ மதுரையிலோ வாடகைக்கு வீடு பிடித்திருப்பார்கள். மாடியில் இருப்பவர் யாரென்று தெரியாது. மாமியார் ஊரில், தாய் வீடு வேறு மாவட்டத்தில். பின்தங்குகிறவர் எப்போதும் மனைவி என்றும் சொல்வதற்கில்லை. செவிலியராக மனைவி கிளம்ப, மூன்று வயதுக் குழந்தையோடு கணவர் ஊரில் நிற்கும் வீடுகளும் உண்டு. தடுப்பூசி அட்டை எங்கே என்று கேட்கக்கூட அவருக்குக் கூச்சம். நம் சமூகம் பிரிந்திருக்கும் மனைவிக்கு இரக்கம் காட்டும். பிரிந்திருக்கும் கணவருக்குக் கேலியைத்தான் வைத்திருக்கிறது.

கிளம்பும் முன் வரும் சண்டை

பயணத்துக்கு முந்தைய நாட்களில் அன்பு பெருகும் என்று எதிர்பார்ப்போம். பல வீடுகளில் நடப்பது சண்டை. பெட்டியின் எடை, விட்டுப்போன கையெழுத்து, கிளம்பும் முன் நண்பர்களோடு போன அரை நாள் என்று காரணம் எதுவாகவும் இருக்கும். இருவரும் பின்னர் அதை நினைத்து வருந்துவார்கள்.

இதற்கு விளக்கம் அமெரிக்கக் கடற்படைக் குடும்பங்களைப் பற்றிய ஆய்வில் கிடைக்கிறது. மாதக்கணக்கில் கப்பலில் போகும் வீரர்களின் மனைவியரைக் கவனித்த கேத்லீன் வெஸ்டல் லோகன், பிரிவின் மனநிலைகளை ஏழு கட்டங்களாகப் பிரித்து 1987இல் எழுதினார். முதல் கட்டம் பிரிவை எதிர்நோக்கும் தவிப்பு. இரண்டாவது, கிளம்பும் நாள் நெருங்க நெருங்க மனம் தானாக விலகிக்கொள்ளும் நிலை. பிரிய வேண்டியவரிடம் ஒட்டிக்கொண்டிருப்பதைவிடக் கோபித்துக்கொள்வது மனத்துக்கு எளிது. அந்தச் சண்டை அன்புக் குறைவின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை என்பதே இதிலிருந்து பெறும் தெளிவு. காணாமற்போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்த பாலின் பாஸ் 1970களில் இன்னொரு கருத்தை உருவாக்கினார்: ஆள் இல்லாமலும் நினைவில் முழுமையாகவும் இருக்கும் ஒருவரை இழப்பு என்றும் சொல்ல முடியாது, இருப்பு என்றும் சொல்ல முடியாது. இறப்புக்குச் சடங்கு உண்டு. இத்தகைய பிரிவுக்குச் சடங்கில்லை. ஆறுதல் சொல்லவும் ஆள் வருவதில்லை. "நல்ல சம்பளத்துக்குத்தானே போயிருக்கார், என்ன குறை?" என்று கேட்கத்தான் வருவார்கள்.

வளைகுடாவும் போர்க்கப்பலும் ஒன்றல்ல. ஆனால் கடற்படைக் குடியிருப்பில் அடுத்த வீட்டுக்காரியும் அதே கட்டத்தில் இருப்பார், சொல்லாமலே புரியும். வாடகை வீட்டிலிருக்கும் நம் பெண்ணுக்கு அந்த அடுத்த வீடு கைப்பேசியில்தான் கிடைக்கிறது.

முகமறியா நண்பர்கள் என்ன செய்கிறார்கள்

சமூக ஆதரவைப் பற்றி 1981இல் எழுதிய ஜேம்ஸ் ஹவுஸ் அதை நான்காகப் பகுத்தார்: மன ஆதரவு, கைவேலை உதவி, தகவல், நம் நிலையை நாமே மதிப்பிட்டுக்கொள்ள உதவும் கருத்து. குழுக்களில் கிடைப்பதை இந்த நான்கில் நிரப்பிப் பார்த்தால் தகவலே மிகுதி. அந்தத் தகவலும் பொதுப்படையானது அல்ல. இன்றைக்கு, இந்த வீட்டுக்குத் தேவையான ஒற்றைத் தகவல்.

கசகசா நல்ல எடுத்துக்காட்டு. நம் வீட்டுக் குருமாப் பொடியில் அது சாதாரணமாகச் சேரும் பொருள். அமீரகத்திலும் சவூதியிலும் சிங்கப்பூரிலும் அது தடைசெய்யப்பட்ட பொருள். பெட்டியில் அகப்பட்டால் வழக்கு, சிறை. பெட்டி கட்டும் இரவில் மாமியார் அன்போடு அரைத்துக் கொடுத்த பொடியில் அது இருக்கிறதா என்று கேட்கத் தோன்றுவது அனுபவப்பட்டவருக்குத்தான். இருமல் மருந்தும் சில வலி மாத்திரைகளும் இப்படியே. கோடீன், டிராமடால் கலந்தவை அங்கே கட்டுப்பாட்டுக்குள் வருபவை. மருத்துவர் சீட்டும் முன் அனுமதியும் இல்லாமல் கொண்டுபோவது ஆபத்து.

தாள் வேலையிலும் அப்படித்தான். கணவர் ஊரிலிருக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பொது அதிகாரப் பத்திரம் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. போனபின் எழுதினால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். குழந்தைக்குக் கடவுச்சீட்டு எடுக்கப் பெற்றோர் இருவரின் ஒப்புதலும் தேவை. ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அவர் அங்கிருந்து தூதரகச் சான்றோடு அனுப்ப வேண்டும். கிளம்புவதற்கு முன் ஐந்து நிமிடக் கையெழுத்தில் தீர்வது, கிளம்பிய பின் ஐந்து வார அலைச்சலாகிறது. அமீரகத்தில் வாட்ஸ்ஆப்பில் எழுத்தும் குரல்பதிவும் போகும், அழைப்பு போகாது. ஆகவே போட்டிம் போன்ற அங்கே அனுமதிபெற்ற செயலியை இருவர் கைப்பேசியிலும் முன்பே போட்டு வையுங்கள் என்று ஒருவர் சொல்லியிருந்தால், போய் இறங்கிய இரவில் பதற்றம் இருந்திருக்காது.

இதை ஏன் உறவினர் சொல்லவில்லை? அன்பு குறைந்ததால் அல்ல. அவர்களுக்கும் தெரியாது. 1973இல் மார்க் கிரானோவெட்டர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் காட்டியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகரில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை அவர் விசாரித்தார். அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திப்பதாகச் சொன்னவர்கள் 16.7 விழுக்காடு மட்டுமே. எப்போதாவது சந்திப்பவர்கள் 55.6, அரிதாகச் சந்திப்பவர்கள் 27.8. நெருங்கியவர்கள் நாம் இருக்கும் வட்டத்திலேயே இருக்கிறார்கள். நமக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும். புதிய செய்தி தளர்ந்த உறவுகளின் வழியேதான் வருகிறது. 2022இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, சுமார் இரண்டு கோடி லிங்க்ட்இன் பயனாளர்களின் தரவைக்கொண்டு இதைச் சோதித்தது. வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவியவை மிகத் தளர்ந்தவை அல்ல, ஓரளவு தளர்ந்த உறவுகளே என்று அது திருத்தம் சொன்னது. குழு நட்பு சரியாக அந்த இடத்தில் இருக்கிறது: முற்றிலும் அந்நியரும் அல்ல, வீட்டு விசேஷத்துக்கு அழைக்கும் அளவு நெருக்கமும் அல்ல.

இத்தகைய நட்பு கைப்பேசிக்கு முன்பே தொடங்கியது. 1985இல் கலிஃபோர்னியாவில் தோன்றிய 'வெல்' என்ற கணினிவழிச் சமூகத்தைப் பற்றி ஹோவர்ட் ரைங்கோல்ட் 1993இல் ஒரு நூல் எழுதினார். அச்சமூகத்தைச் சேர்ந்த பெண் ஒருவர் இமயமலைப் பகுதிக்குப் போய்ப் பௌத்தத் துறவியானவர்; டெல்லியில் கடும் நோயில் வீழ்ந்தார். செய்தி எட்டியதும் முகம் தெரியாதவர்கள் ஆளுக்கொரு பக்கம் இயங்கத் தொடங்கினார்கள். ஒருவர் மருத்துவ இதழ்களைத் தேடினார், இன்னொருவர் டெல்லியில் ஆள் பிடித்தார், மற்றவர்கள் பணம் திரட்டினார்கள். யாரும் தலைமை தாங்கவில்லை; ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற சிறு பங்கைச் செய்தனர். அவர் பிழைத்தார்.

நேரில் காணாத நட்புக்கு நம் மரபில் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் சான்று. ஆனால் அந்த நட்பு உயிரையே கேட்டது. குழு நண்பரிடம் அவ்வளவு எதிர்பார்க்க வேண்டியதில்லை. நள்ளிரவில் ஐந்து நிமிடம் விழித்திருந்து, "பயப்படாதீங்க தங்கச்சி, இமிக்ரேஷன்ல அந்தக் கேள்வி எல்லாரையும் கேப்பாங்க" என்று தட்டச்சு செய்தால் போதும். பெரிய தியாகம் தேவைப்படாததால்தான் இந்த உதவி இவ்வளவு பேரிடமிருந்து வருகிறது. ஹவுஸ் சொன்ன நான்காவது ஆதரவும் இங்கேதான் நடக்கிறது. கிளம்பும் முதல்நாள் சண்டை போட்டதைச் சொல்லி அழும் பெண்ணுக்கு, "எங்க வீட்லயும் அப்படித்தான் நடந்துச்சு" என்ற வரி எந்த அறிவுரையையும்விடப் பெரிது.

திருப்பிச் செய்ய வேண்டாத உதவி

உறவினரின் உதவி இலவசமல்ல. அதைக் குறை சொல்வதற்கில்லை. அதுவும் ஒரு சமூகக் காப்பீடு. மொய் நோட்டைப் போல அதற்குப் பற்று வரவு உண்டு. புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பகுதிகளின் மொய் விருந்து அந்தக் கணக்கை ஒரு தொழில்முறையாகவே வளர்த்திருக்கிறது. விசாவுக்குப் பணம் கொடுத்த மாமா, மருமகன் போய்ச் சேர்ந்ததும் தன் மகனுக்கும் விசா எதிர்பார்ப்பார். விமான நிலையத்துக்குக் கார் அனுப்பிய மச்சான் அதைப் பத்தாண்டு சொல்லிக்காட்டலாம். உதவி கேட்கும்போதே மனைவியானவர் இதையெல்லாம் எடைபோட வேண்டியிருக்கிறது. தன் அச்சத்தைச் சொன்னால் நாளை அது சம்பந்தி வீட்டுக்குப் போகுமா என்ற கவலையும் உண்டு.

எந்தக் கொடையும் பதில்கொடையை வற்புறுத்துகிறது என்று மார்செல் மோஸ் 1925இல் வாதிட்டார். குழுவில் அந்த விதி அறுபடவில்லை, திசை மாறுகிறது. சொல்லிக்கொடுத்தவருக்கு நாம் எதையும் திருப்பித் தர முடியாது. அவருடைய முகவரிகூடத் தெரியாது. அடுத்த மாதம் இன்னொரு பெண் அதே கேள்வியோடு வரும்போது நாம் பதில் சொல்கிறோம். கடன் பின்னால் போகாமல் முன்னால் போகிறது. மானுடவியலாளர் இதைப் பொதுமைப் பரிமாற்றம் என்பார்கள். கேட்பவரின் தன்மானம் இதில் காயப்படுவதில்லை. இன்று கேட்பவர் நாளை சொல்பவர். இந்த உதவியின் தனிச்சிறப்பு இதுதான். தகவலை அரசுத் தளத்திலும் தேடி எடுக்கலாம், இந்தச் சமநிலையை எடுக்க முடியாது.

அதே வழியில் வரும் ஏமாற்று

நம்பிக்கை எந்த வழியில் வருகிறதோ அதே வழியில் மோசடியும் வருகிறது. தாய்லாந்தில் நல்ல வேலை என்று சமூக ஊடகங்களில் வந்த விளம்பரங்களை நம்பிய இளைஞர்கள் 2022இல் மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணையவழி மோசடி செய்யும் கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் தமிழர்களும் உண்டு; ஒரு பகுதியினர் அந்த ஆண்டு அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பினர். கம்போடியாவுக்கும் லாவோசுக்கும் இப்படிக் கொண்டுபோகப்பட்டவர்களின் கதைகளும் இதே வகைதான்.

ஏஜென்ட் கட்டணத்திலும் இதைப் பார்க்கலாம். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். நடைமுறையில் அதைவிடப் பல மடங்கு வாங்கப்படுவது ஊரறிந்தது. குழுவில், "எனக்குத் தெரிந்த ஆள்" என்று பரிந்துரைக்கப்படுபவர் பதிவுபெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பார்ப்பவர்கள் குறைவு.

தீய எண்ணமே இல்லாத தீங்கும் இருக்கிறது. விதி மாறிய பிறகும் பழைய தகவல் கைமாறிக்கொண்டே இருக்கும். சவூதியின் நன்னடத்தைச் சான்று விலக்கப்பட்ட பிறகும் அது கட்டாயம் என்ற செய்தி நாள், தேதி இன்றிச் சுற்றிவரலாம். உதவி கேட்கும் பதற்றத்தில் கடவுச்சீட்டின் படத்தையும் விசாத் தாளையும் நூற்றுக்கணக்கானோர் உள்ள குழுவில் போடுவதும் ஆபத்து. கணவர் ஊரில் இல்லை என்று பொதுவெளியில் தெரிவிக்கும் பெண்ணுக்கு வேறு வகைத் தொல்லை வரும். பெண்கள் மட்டும் உள்ள குழுக்கள் உருவாக அதுவும் ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எழுதத் தெரிந்தவருக்கு, நல்ல கைப்பேசி வைத்திருப்பவருக்கு, நான்கு பேர் முன்னிலையில் கேள்வி கேட்கும் துணிவு உள்ளவருக்கே இந்த நட்பு எளிதில் கிடைக்கிறது. குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் தொழிலாளியின் மனைவிதான் எல்லோரையும்விட உதவி தேவைப்படுபவர். குழுவின் கடைசி வரிசையில் பேசாமல் நிற்பவரும் அவரே.

செய்ய வேண்டியவை

வெளியுறவு அமைச்சகம் 2018இல் புறப்பாட்டுக்கு முந்தைய ஒரு நாள் பயிற்சியைத் தொடங்கியது. போகும் நாட்டின் சட்டம், ஒப்பந்தம், உதவி எண்கள் ஆகியவற்றைச் சொல்லித்தரும் நல்ல திட்டம். அது போகிறவருக்காக வகுக்கப்பட்டது. அதே நாளில் துணைவரையும் உட்கார வைத்தால் அரசுக்கு அதிகச் செலவில்லை. அதிகாரப் பத்திரம், குழந்தையின் கடவுச்சீட்டு ஒப்புதல், வங்கிக் கணக்கை வெளிநாடு வாழ்வோர் கணக்காக மாற்றிய சான்று, காப்பீட்டுச் சான்றின் நகல், ஒப்பந்தத்தின் நகல் ஆகிய ஐந்தும் வீட்டில் இருக்கின்றனவா என்று கேட்கும் ஒரு பக்கத் தாள் தமிழில் இருந்தால் பாதிப் பதற்றம் தீரும். வெளிநாட்டு இந்தியர்களின் குறைகளைப் பதியும் 'மதத்' தளம் 2015முதல் இயங்குகிறது. 1800 11 3090 என்ற கட்டணமில்லா உதவி எண்ணும் இருக்கிறது. இவை இருப்பது வீட்டிலிருப்பவருக்குத் தெரிய வேண்டும். ஏனெனில் அங்கே சிக்கல் வந்து கணவரின் கைப்பேசி அணைந்துபோனால் புகார் கொடுக்கப்போகிறவர் அவர்தான். அயலகத் தமிழர் நலனுக்குத் தனி வாரியம் அமைத்திருக்கும் தமிழ்நாடு அரசும், அயலகம் போனவரின் வீட்டில் இருப்பவரைத் தன் பொறுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முகமறியா நண்பர்களின் அன்பு உண்மையானது. அதைப் போற்ற வேண்டும். ஆனால் அந்த அன்பு இவ்வளவு தேவைப்படுவது, அரசும் ஏஜென்டும் நிறுவனமும் தங்கள் கடமையில் ஒரு பகுதியை முன்பின் தெரியாதவர்களின் நல்ல மனத்துக்கு விட்டுவிட்டதால்தான். அந்தக் கடமை திரும்ப அவரவர் கைக்குப் போகும்வரை, இக்குழுக்களில் இருப்பவர்கள் மூன்றை வழக்கமாக்கிக்கொள்ளலாம். சொல்லும் தகவலோடு அது எந்த மாத நிலவரம் என்பதையும் எழுதுங்கள். யாரையும் பரிந்துரைக்கும் முன் அவருடைய பதிவு எண்ணை இ-மைக்ரேட்டில் சரிபாருங்கள். கேள்வி கேட்காமல் வாசித்துக்கொண்டு மட்டும் இருப்பவரிடம் தனியாக ஒரு வார்த்தை விசாரியுங்கள். அவர் வீட்டிலும் இந்த வாரம் ஒரு பெட்டி கட்டப்பட்டுக்கொண்டிருக்கலாம்.